சார்ஜர் முனைக்கு 4,500 ரூபாய்

சேலம் ஐந்து ரோடு பக்கம் மன அழுத்தம் காட்டும் கைப்பட்டை வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். வெள்ளி விலை ஆடுகிற ஆட்டத்தில் தூக்கம் போய் மாதக்கணக்காகிறது. கடைக்காரர் பட்டையைத் திருப்பி, அடியிலிருந்த இரண்டு மஞ்சள் புள்ளிகளைக் காட்டினார். “இதுதான் அண்ணே வியர்வையை அளக்கிறது. மனம் பதறினால் உடனே சொல்லிவிடும்.” 4,500 ரூபாய் கொடுத்தேன். பில் கேட்டதற்குத் துண்டுச் சீட்டு வந்தது. அதை வாங்கி மடித்து வைத்தேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

அடுத்த ஞாயிறு ஏற்காடு பஸ். 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில் எதிரே வந்த வேன் முட்டுவதுபோல் நின்றது. மனைவி முகர்ந்துகொண்டிருந்த எலுமிச்சம்பழத்தைப் போட்டுவிட்டு என் தோளைப் பிடித்தாள். எனக்கு உள்ளங்கை நனைந்துவிட்டது. பட்டை ‘அமைதி, 22’ என்றது.

வீடு வந்ததும் கொலுசின் பற்றவைப்பைச் சோதிக்கும் லென்ஸை எடுத்தேன். அந்தப் புள்ளிகள் சார்ஜர் வந்து ஒட்டும் முனைகள், அவ்வளவுதான். சிறு குழிக்குள் இருந்ததால் தோலில் படவே இல்லை. வியர்வையை அளக்கும் கருவி நிஜமாகவே உண்டு. தோலைத் தொடும் உலோக முனைகள் வழியே மிகச் சிறிய மின்சாரத்தை அனுப்பி, பதற்றத்தில் தோல் நனையும்போது மின்கடத்தல் எவ்வளவு கூடுகிறது என்று பார்க்கும். (அதற்கும் உலைச் சூட்டுக்கும் மனச் சூட்டுக்கும் வித்தியாசம் தெரியாது.) இதிலிருப்பது நாடி எண்ணும் பச்சை விளக்கு மட்டும். துடிப்புகளுக்கு நடுவிலுள்ள மில்லிவினாடி வேறுபாடுகளை வைத்தும் அழுத்தத்தைக் கணிக்கலாம்தான். இது அதையாவது செய்கிறதா?

மல்கோவாவுக்குப் பட்டை எட்டவில்லை. கிளிமூக்கு மாங்காயில் கட்டினேன். நாடி 76, மன அழுத்தம் 24. என்னைவிட இரண்டு கூடுதல்! தரமான கைக்கடிகாரமும் சில சமயம் உயிரற்ற பொருளில் நாடி காட்டிவிடும், ஒப்புக்கொள்கிறேன். காம்பு கிள்ளிய காய்க்கு மனநிலையும் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும்.

வாங்கியே தீர வேண்டுமென்றால், சார்ஜரை ஒட்டிக் காட்டச் சொல்லுங்கள். எந்த முனை எதற்கு என்று அங்கேயே தெரிந்துவிடும். ஜிஎஸ்டி பில் இல்லாமல் படியிறங்காதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். துண்டுச் சீட்டும் மாங்காய்ப் படமும்தான் என் ஆதாரம். அந்தப் படத்தைக் கடைக்காரரிடமும் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“மாங்காயில் ஏன் அண்ணே கட்டினீர்கள்? வாரண்டி போய்விட்டதே.”