குன்னூரிலிருந்து ஒரு காக்கிப் படை

போலீஸும் கூட்டமும் எதிரெதிரே நிற்கும் மேசை விளையாட்டுக்கான மினியேச்சர்கள், அதாவது குட்டி மனித உருவங்கள், நீலகிரிக் கடைகளில் கிடைப்பதில்லை. ஆனால் கோவை வரை ஆள் பிடித்தால், வெளிநாட்டில் எங்கேயும் விற்காத நம்ம ஊர்க் காவலர்களையே செய்து வாங்கிவிடலாம். மார்கழி விடுமுறையில் குன்னூர் வீட்டில் இருந்தபடி அதைத்தான் செய்தேன். ஊருக்குப் போகிற மற்றவர்களுக்கும் உதவட்டும்.

நான் இருக்கும் இங்கிலாந்தில் 28 மில்லிமீட்டர் உயரப் போலீஸ் உருவங்களுக்குப் பஞ்சமில்லை. எல்லாம் கறுப்புக் கவசம் போட்ட ஐரோப்பியப் படை. இந்தியா என்று தேடினால் வெள்ளைக்காரன் காலத்துச் சிப்பாய்கள்தான் வரிசையாக வருவார்கள். காக்கிச் சட்டை, லத்தி, பிரம்புக் கேடயம் மூன்றும் சேர்ந்த ஆள் எனக்குக் கிடைத்ததே இல்லை. இந்த வருத்தம் பல வருடமாக மனதில் இருந்தது.

முதலில் கடைகள். குன்னூர் பெட்போர்டு பக்கமும் ஊட்டி கமர்ஷியல் ரோட்டிலும் ஏறி இறங்கினேன். பொம்மைக் கடைகளில் இருப்பது பச்சைப் பிளாஸ்டிக் சிப்பாய்கள், அளவு பெரிது. கட்டட மாடல் செய்கிறவர்கள் பயன்படுத்தும் குட்டி மனிதர்களையும் யோசித்தேன். 1:75 அளவில் ஒரு ஆள் ஏறக்குறைய 23 மில்லிமீட்டர் வருவார். 1:72 அளவில் விளையாடுகிறவர்களுக்கு மலிவான கூட்டம் அதுதான், தாராளமாக வாங்கலாம். என்னுடைய 28 மில்லிமீட்டர் ஆட்களுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் சிறுவர்களாகத் தெரிவார்கள்.

அப்புறம்தான் த்ரீடி பிரிண்ட். ஒளி பட்டால் இறுகும் திரவப் பிளாஸ்டிக்கான ரெசினில் உருவம் அடிக்கும் மெஷினை மலையிலேயே வைத்திருக்கும் நண்பர் ஒருவர், குளிர்காலத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ரெசினுக்கு இருபது, இருபத்தைந்து டிகிரியாவது சூடு வேண்டும். ஊட்டிக் குளிரில் அது கெட்டியாகி, பாதி உருவம் தட்டில் ஒட்டாமல் போய்விடும். அவர் கைகாட்டியது கோவையில் ஒரு சின்னப் பட்டறை. அங்கே வழக்கமாக நடப்பது பம்ப் உதிரிபாக மாதிரி வேலை. அந்தத் தம்பியிடம் போனில் விஷயத்தைச் சொன்னதும் கேட்ட முதல் கேள்வி, "லத்தி எவ்வளவு தடிமன் வேணுங்ண்ணா?"

சரியான கேள்வி. மூன்று சென்டிமீட்டர் லத்தி இந்த அளவில் அரை மில்லிமீட்டர்தான் வரும். ரெசினில் அடித்தால் தொட்டவுடன் முறியும். "கையில துளை மட்டும் விட்டுடறேங்ண்ணா, நீங்க பித்தளைக் கம்பி செருகிக்குங்க" என்றார். பிரம்புக் கேடயத்தின் பின்னலையும் அவரே ஆழமாக்கினார். நிஜ அளவில் விட்டிருந்தால் முதல் பூச்சிலேயே மறைந்திருக்கும். ஒரு உருவம் சுமார் 120 ரூபாய். கொடுத்த காசுக்கு மேலான வேலை. இவரைப் போல நுணுக்கம் கேட்டுச் செய்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

பார்சலில்தான் சிக்கல். இரண்டாவது தொகுதியை கூரியர்காரர்கள் கீழேயே வைத்துக்கொண்டு 'டெலிவரி ஆகிவிட்டது' என்று மெசேஜ் அனுப்பிவிட்டார்கள். அக்கா பையன் பைக்கில் மேட்டுப்பாளையம் இறங்கிப்போய் வாங்கி வந்தான். மலைக்கு மேலே வரும் யாரிடமாவது கொடுத்தனுப்புவதே நல்லது.

மற்றதெல்லாம் குன்னூரிலேயே கிடைத்தது. அடித்தட்டுக்கு ஹார்டுவேர் கடை வாஷர். எடை இருப்பதால் ஆள் சாயாது. ஒட்ட ஃபெவிகிவிக். தேயிலைப் புதருக்குப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நார். மண் தரைக்குக் காயவைத்த டீத்தூள், அதற்கு இந்த ஊரில் குறையா? பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சான ஸ்ப்ரே பிரைமரை மட்டும் பனிமூட்டத்தில் அடிக்காதீர்கள், மேலே வெள்ளையாகப் பூத்துவிடும். வெயில் வந்த மத்தியானம் பார்த்து அடியுங்கள், இல்லை பிரஷ்ஷால் பூசுங்கள்.

படையை எப்படி நிறுத்துவது என்று சொல்லித்தந்தவர் வெலிங்டனில் இருக்கும் அப்பாவின் நண்பர், ஓய்வுபெற்ற ராணுவத்துக்காரர். "மெகாபோன் வெச்சிருக்கிற ஆபீசர் எங்கடா?" என்றுதான் ஆரம்பித்தார். கலைந்து போகச் சொல்லி எச்சரித்த பிறகுதான் மற்றதெல்லாம். "கூட்டம் ஓடறதுக்கு ஒரு தெருவைத் திறந்து விடணும். நாலு பக்கமும் அடைச்சா பயந்தவன்கூடத் திரும்பி நிப்பான்." எங்கள் விளையாட்டு விதியின் உயிரே அதுதான். யாருக்கும் அடிபடாமல் கூட்டம் கலைந்தால் போலீஸ் பக்கத்துக்கு அதிக மதிப்பெண். நிஜத்தில் ஆட்கள் செத்த சம்பவங்களை நாங்கள் மேசைக்குக் கொண்டுவருவதில்லை. அதில் எனக்கு உறுதியான பிடிவாதம் உண்டு.

நீல உருமறைப்புச் சீருடை போட்ட, கலவரங்களை அடக்கும் மத்திய அரசின் அதிவிரைவுப் படைக்கும் (RAF) இதே உருவங்கள் ஓரளவு பொருந்தும். பெயிண்ட் வேலைதான் கூடும். அந்தப் படை 1992-இல் உருவானது, அதற்கு முந்தைய காலக் கதைகளில் நிறுத்தாதீர்கள்.

திரும்பும்போது உருவங்களை ஸ்பாஞ்ச் வெட்டிய டப்பாவில் கைப்பையிலேயே வையுங்கள். கம்பி லத்திகளைச் செருகாமல் தனியாக லக்கேஜில் போடுங்கள். ஸ்ப்ரே டின்னை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், வீட்டில் விட்டுவிடுங்கள். தண்ணீரில் கரையும் சின்ன பெயிண்ட் பாட்டில்களுக்குப் பிரச்சினை வரவில்லை.

இன்னும் குறை இருக்கிறது. தமிழ்நாட்டுக் காவல்துறையில் 1973 முதல் பெண்கள் இருக்கிறார்கள். என் வரிசையில் ஒருவர்கூட இல்லை. கூட்டத்திலும் சேலை கட்டி ஸ்வெட்டர் போட்ட பெண்களும், மங்கி குல்லா போட்ட பெரியவர்களும் வேண்டும். கோவைத் தம்பி மாடல் வரையத் தயார் என்கிறார், மாதிரிப் படங்கள் அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.