அப்ரூவல் ஒர்க்ஃப்ளோ போட்டுத் தருகிறோம் என்று வருகிறவர்களிடம் கவனம்

கோவைப் பக்கம் சின்ன, நடுத்தர இன்ஜினியரிங் கம்பெனி நடத்துகிறவர்களும் அங்கே அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவர்களும் கோட்டேஷனில் கையெழுத்துப் போடும் முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். பர்ச்சேஸ் ஆர்டருக்கும் பில்லுக்கும் ஈஆர்பியில் (கொள்முதல், சரக்கு, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கும் மென்பொருள்) அப்ரூவல் ஒர்க்ஃப்ளோ, அதாவது யார் ஒப்புதல் கொடுத்தால் எது நகரும் என்ற ஏற்பாடு, அமைத்துத் தருவதாகச் சொல்லி ஒரு நிறுவனம் எங்களிடம் இரண்டே கால் லட்சமும், அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டியும் பேசியது. பெரும்பகுதியை வாங்கியும் விட்டது. அவர்கள் அமைத்துக் கொடுத்ததில், ஆர்டர் போடுகிறவரே தன் ஆர்டரை அப்ரூவ் செய்துகொள்ளலாம். பெயர் போடவில்லை, எங்கள் வக்கீல் வேண்டாம் என்றார். என்ன செய்தார்கள் என்று சொல்வதற்குத் தடையில்லை.

நாங்கள் பிரைவேட் லிமிடெட். காஸ்டிங் வாங்கி மெஷினிங் செய்து பம்ப் பாகங்களாகக் கொடுக்கிறோம். முன்பெல்லாம் என்ன வாங்க வேண்டும் என்று எழுதும் இண்டென்ட் புத்தகத்தில் கையெழுத்து விழுந்தால்தான் ஆர்டர் போகும். ஒரு லட்சம் வரை பர்ச்சேஸ் மேனேஜர், அதற்கு மேல் எம்.டி., இதுதான் எங்கள் விதி. இதையே கம்ப்யூட்டரில் செய்யக் கேட்டோம். ராக்கெட் விடச் சொல்லவில்லை.

விற்க வந்தவர் முதலில் எடுத்தது பயமுறுத்தல். "2023 ஏப்ரல் 1 முதல் சட்டம் வந்துவிட்டது, அப்ரூவல் ஒர்க்ஃப்ளோ இல்லாவிட்டால் ஆடிட்டர் ரிப்போர்ட்டில் எழுதிவிடுவார்" என்றார். பாதி உண்மை என்பதால்தான் இந்தப் பேச்சு எல்லா இடத்திலும் எடுபடுகிறது. அந்தத் தேதி முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் எடிட் லாக் (திருத்தங்களின் பதிவு) இருக்க வேண்டும், அதை யாரும் அணைத்துவைக்க முடியக் கூடாது, ஆடிட்டரும் அதைப் பற்றித் தன் அறிக்கையில் சொல்ல வேண்டும். விதி அவ்வளவுதான். யார் எதை மாற்றினார் என்ற பதிவைத்தான் அது கேட்கிறது. எத்தனை பேர் அப்ரூவ் செய்ய வேண்டும் என்பதில் அது தலையிடவே இல்லை.

அடுத்தது மென்பொருள். தங்கள் லோகோவை ஒட்டிக் கொண்டுவந்தது ஈஆர்பிநெக்ஸ்ட். மும்பையில் இருக்கும் ஃப்ராப்பே நிறுவனம் உருவாக்கிய திறந்த மூல மென்பொருள் அது. யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் விடுகிற ஜிபிஎல் உரிமத்தில் வருவதால், தலைக்கு இவ்வளவு என்று லைசன்ஸ் கட்டணம் அதற்குக் கிடையாது. சர்வருக்கும் அமைத்துத் தரும் உழைப்புக்கும் சப்போர்ட்டுக்கும் காசு வாங்குவது நியாயமான தொழில், நானே அதை மறுக்க மாட்டேன். ஆனால் எங்கள் பில்லில் 'யூசர் லைசன்ஸ், ஆண்டுக்கு' என்று ஒரு வரி இருந்தது. அதற்குக் கீழே 'கஸ்டம் அப்ரூவல் மாட்யூல் டெவலப்மென்ட்' என்று இன்னொரு வரி, அதுதான் பெரிய தொகை. அந்த மாட்யூலை யாரும் எழுதவில்லை. தேடல் பெட்டியில் ஒர்க்ஃப்ளோ என்று தட்டினால் வருகிற படிவம் அது, மென்பொருளோடு சேர்ந்தே வருவது. எந்த ஆவணம், அதற்கு என்னென்ன நிலைகள், எந்த ரோல் (பயனாளருக்குக் கொடுக்கும் அதிகாரப் பொறுப்பு) உள்ளவர் எந்த நிலையிலிருந்து எதற்கு நகர்த்தலாம், எந்த நிபந்தனையில் என்று இரண்டு அட்டவணைகளை நிரப்பினால் வேலை முடிந்தது.

சரி, அதையாவது ஒழுங்காக நிரப்பினார்களா?

இரண்டாவது அட்டவணையின் ஒவ்வொரு வரியிலும் 'அலவ் செல்ஃப் அப்ரூவல்' என்று ஒரு டிக் பெட்டி இருக்கிறது. புது வரி சேர்க்கும்போதே அது டிக்கோடுதான் வரும், வேண்டாம் என்றால் நாம்தான் எடுக்க வேண்டும். ஒரு வரியில்கூட எடுக்கவில்லை. போதாததற்கு, பர்ச்சேஸ் அசிஸ்டெண்டுக்கு ஏதோ ஒரு பக்கம் திறக்கவில்லை என்று போன் செய்தபோது, அவருக்கும் பர்ச்சேஸ் மேனேஜர் ரோலையே கொடுத்துவிட்டார்கள். இந்த மென்பொருளில் அப்ரூவல் அதிகாரம் ரோலுக்குத்தான், ஆளுக்கு இல்லை. ரோல் கையில் வந்ததும் பட்டனும் வந்துவிட்டது. அந்தத் தம்பி கூலண்ட் ஆயிலுக்கு ஆர்டர் போட்டு, தானே அப்ரூவும் செய்திருந்தார். கேட்டதற்கு, "பட்டன் வந்துச்சு மேடம், அமுக்கினேன்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

டெமோவில் இது ஏன் தெரியவில்லை என்றால், டெமோ முழுவதையும் அட்மினிஸ்ட்ரேட்டர் லாகினில் காட்டினார்கள். அந்த லாகினுக்கு எல்லா ரோலும் உண்டு, செல்ஃப் அப்ரூவல் தடையும் அதற்குப் பொருந்தாது. டிக் இருந்தாலும் எடுத்தாலும் அதில் எல்லாம் வேலை செய்யும். எல்லாப் பூட்டுக்கும் சாவி வைத்திருப்பவர் கதவைத் திறந்து காட்டிவிட்டு, பூட்டு பலமானது என்று சொன்ன மாதிரி.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. இங்கே ஒவ்வொரு நிலைக்கும் பின்னால் டாக் ஸ்டேட்டஸ் என்று ஓர் எண் இருக்கிறது. 0 என்றால் வரைவு, 1 என்றால் சப்மிட் ஆனது, அதாவது உறுதியாகிவிட்டது, 2 என்றால் ரத்து. திரையில் தெரியும் 'எம்.டி. அப்ரூவலுக்குக் காத்திருக்கிறது' என்பது வெறும் பெயர்ப்பலகை, உள்ளே அதிகாரம் அந்த எண்ணிடம்தான். எங்களுக்கு அமைத்ததில் அந்தக் காத்திருக்கும் நிலைக்கே 1 கொடுத்திருந்தார்கள். அதாவது எம்.டி. கண்ணில் படும் முன்பே ஆர்டர் சப்மிட் ஆகிவிட்டது. சரக்கு வந்து இறங்கியதும் ஸ்டோர்ஸில் வழக்கம்போல் வரவு வைத்துவிட்டார்கள், கணினி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எம்.டி. நிராகரிக்க நினைத்தாலும், சப்மிட் ஆனதை மறுபடி வரைவாக்க இந்த மென்பொருள் விடாது, ரத்துதான் செய்ய வேண்டும். சரக்கு வரவாகிவிட்ட ஆர்டரை எங்கே ரத்து செய்வது?

அப்புறம் அந்த ஒரு லட்சம் நிபந்தனை. ஆர்டரின் மொத்தத்தைப் பார்க்க கிராண்ட் டோட்டல் என்ற புலத்தை வைத்திருந்தார்கள். அது ஆர்டர் எந்த நாணயத்தில் போடப்படுகிறதோ அந்த நாணயத்தில் இருக்கும். ரூபாயில் பார்க்க பேஸ் கிராண்ட் டோட்டல் என்று தனிப் புலம் உண்டு. ஜெர்மனியிலிருந்து டூலிங் வரவழைக்க 9,400 யூரோவுக்கு ஆர்டர் போட்டோம். எட்டு லட்சத்துக்கு மேல். கணினிக்கு அது வெறும் 9,400, ஒரு லட்சத்துக்கு எவ்வளவோ கீழே. எம்.டி. பக்கமே போகாமல் தாண்டிவிட்டது. இதில் வேடிக்கை, ஒரு நிபந்தனை 'ஒரு லட்சத்துக்குக் குறைவு', இன்னொன்று 'ஒரு லட்சத்துக்கு அதிகம்'. சரியாக 1,00,000 ரூபாய்க்கு ஒரு பேட்டர்ன் ஆர்டர் போட்டபோது யாருக்கும் எந்தப் பட்டனும் வரவில்லை. அது பாட்டுக்கு நின்றது.

பில் பக்கம் எதிர்மாறான தொல்லை. அப்ரூவலுக்கு ஒன்று வந்திருக்கிறது என்று எம்.டி.க்கு மெயில் போகும் என்றார்கள், ஆனால் மெயில் அனுப்புவதற்கான கணக்கையே அமைக்கவில்லை. பில்கள் தேங்கின. அதில் ஒன்று உத்யம் பதிவு (சிறு, குறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) உள்ள ஜாப் ஒர்க் பட்டறைக்காரருடையது. சிறு, குறு நிறுவனங்களுக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். மார்ச் முடிவில் இப்படி மாட்டினால், வருமான வரிச் சட்டப்படி அந்தச் செலவை அந்த ஆண்டில் கழிக்க முடியாது, பணம் கொடுத்த ஆண்டில்தான் முடியும். எங்கள் தலை தப்பியது, அவர் நேரில் வந்து கேட்டதால்.

இன்னொன்றை ஆடிட்டர்தான் கண்டுபிடித்தார். ஒர்க்ஃப்ளோவை முதல்முறை இயக்கியபோது, அதற்கு முன்பு சப்மிட் ஆகியிருந்த பழைய ஆர்டர்கள் எல்லாவற்றுக்கும் தானாகவே ஒரு நிலை ஒட்டிக்கொண்டது. சப்மிட் எண் உள்ள முதல் நிலை எதுவோ அது. எங்களுக்கு அது அந்த எம்.டி. காத்திருப்பு நிலை. சரக்கு வந்து, பில் கட்டி முடித்த ஆர்டர்கள் எல்லாம் எம்.டி.யிடம் நிலுவையில் இருப்பதாகக் காட்டின. இப்படி ஆகும் என்று இயக்குவதற்கு முன் சொல்லியிருக்க வேண்டியது அமைத்தவர்களின் வேலை.

புகார் சொன்னதும் வந்த பதிலை அப்படியே தருகிறேன்: "மேடம், தானே அப்ரூவ் பண்ணக் கூடாதுன்னு நீங்க ஸ்கோப்ல எழுதித் தரலையே. இது பக் இல்ல, சேஞ்ச் ரிக்வெஸ்ட்." ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டைக் கேட்டால் செக்யூரிட்டி பாலிசி என்றார்கள். எங்கள் தகவல், எங்கள் காசில் ஓடும் சர்வர்!

நல்லவேளை, எங்கள் ஆள் ஒருவருக்கு சிஸ்டம் மேனேஜர் ரோல் இருந்தது. ஒர்க்ஃப்ளோவைத் திருத்த அது போதும். ஓர் ஆவணத்துக்கு ஒரு நேரத்தில் ஒரு ஒர்க்ஃப்ளோதான் இயங்கும் என்பதால், புதிதாக ஒன்று போட்டுப் பழையதை நிறுத்தினோம். காத்திருப்பு நிலைகளுக்கு 0, அப்ரூவ் ஆன நிலைக்கு மட்டும் 1. நிபந்தனையில் ரூபாய்ப் புலம். டிக்குகளை எடுத்தோம். ரோல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தோம். ஒரே ஆர்டரை மூன்றாக உடைத்து ஒவ்வொன்றையும் லட்சத்துக்குள் வைத்தால் இது பிடிக்காது. அதற்கு மாதாமாதம் சப்ளையர்வாரியாக நானே ரிப்போர்ட் பார்க்கிறேன்.

நீங்கள் யாரிடமாவது இந்த வேலையைக் கொடுத்தால், அப்ரூவ் ஆவதைக் காட்டச் சொல்லாதீர்கள், மறுப்பதைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் ஆட்களின் சொந்த லாகினில் உட்கார்ந்து, போட்டவரே அப்ரூவ் செய்ய முயலட்டும், வெளிநாட்டு நாணயத்தில் ஒரு ஆர்டர், எல்லைத் தொகை சரியாக ஒன்று, அப்ரூவ் ஆகாத ஆர்டருக்குச் சரக்கு வரவு. இவை எல்லாம் உங்கள் விதிப்படி நடந்தால்தான் கடைசித் தவணையைக் கொடுங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டும் பேக்கப் பிரதியும் உங்கள் கைக்கு வரும் என்று பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதுங்கள்.

கடைசி 20 சதவீதத்தை நாங்கள் நிறுத்தி வைத்திருக்கிறோம், அவர்கள் வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பேக்கப்பை எடுத்துவிட்டோம், சர்வரை மாற்றும் வேலை நடக்கிறது. உங்களுக்கு வந்த கோட்டேஷனில் ஈஆர்பிநெக்ஸ்டுக்கு 'யூசர் லைசன்ஸ்', 'கஸ்டம் அப்ரூவல் மாட்யூல்', '2023 ஆடிட் விதிக்குக் கட்டாயம்' என்று மூன்றும் சேர்ந்து இருந்தால், அநேகமாக இவர்கள்தான்.