நாய் சால்மனா, வெள்ளி சால்மனா?

எங்கள் வீட்டு ஃப்ரீசரில் இப்போது நாலு சம் சால்மன், ஒரே ஒரு கோஹோ சால்மன். இங்கே கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்து அபட்ஸ்ஃபோர்டில் தூண்டில் போடுகிற யாரிடமாவது இந்தக் கணக்கைச் சொன்னால், "அடடா, கோஹோ மாட்டலையா?" என்று பரிதாபப்படுகிறார்கள். மாட்டியது. அதற்குப் பிறகும் சம்மைத் தேடி ஃபெர்ரி ஏறிப் போனேன். ஏன் போனேன் என்பதற்காகத்தான் இந்தப் பதிவு. மறைக்க ஒன்றுமில்லை, நான் சம் கட்சி. ஆனால் ஒரு நிபந்தனையோடு. அந்த நிபந்தனையைத்தான் கீழே இழுத்து இழுத்துப் பேசப்போகிறேன்.

இங்கே கிடைக்கும் சால்மனில் மற்ற மூன்று வகைகளை முதலிலேயே ஓரங்கட்டிவிடலாம். சினூக் பெரிசு, கொழுப்பும் ஜாஸ்தி, பிடிக்காதவர் கிடையாது. அதில் அலச ஒன்றுமில்லை. சாக்கையின் சிவப்புக்கும் ருசிக்கும் போட்டியே இல்லை. ஆனால் ஃப்ரேசர் ஆற்றில் எங்களை மாதிரி ஆட்களுக்கு அது கிடைப்பது பெரும்பாலும் 2010, 2014, 2018, 2022 என்று நாலு வருஷத்துக்கு ஒருமுறை கூட்டமாக ஏறி வரும்போதுதான். பிங்க் ஒற்றைப்படை வருஷங்களில் வரும், செப்டம்பரோடு அநேகமாகப் போய்விடும். அக்டோபர், நவம்பர் மழையில் கரையில் நிற்பவனுக்கு மிஞ்சுவது சம்மும் கோஹோவும்தான்.

சம்முக்குப் பேர் கெட்டது பேரிலேயே தொடங்குகிறது. இந்தக் கரையோரப் பழங்குடிகளும் வியாபாரிகளும் பேசிய சினூக் கலப்புமொழியில் 'ட்ஸம்' என்றால் புள்ளியோ வரியோ போட்டது. அதிலிருந்து வந்ததுதான் சம். இன்னொரு பேர் நாய் சால்மன். முட்டையிடும் பருவத்தில் ஆண் மீனுக்கு முளைக்கும் கோரைப்பல்லைப் பார்த்து வைத்த பேர் என்பார்கள். அலாஸ்காவில் சறுக்குவண்டி நாய்களுக்கு உலர்த்திப் போட்ட மீன் என்பதாலும் என்பார்கள். கடைக்காரர்கள் இந்த இரண்டு பேரையும் விட்டுவிட்டு 'கீட்டா', 'சில்வர்பிரைட்' என்று ஒட்டி விற்கிறார்கள். கோஹோவுக்கு அந்தக் கவலை இல்லை. அதன் செல்லப்பேரே வெள்ளி சால்மன்.

நான் முதலில் வீட்டுக்குக் கொண்டுவந்த சம்மைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வெட்டர் ஆறு, நவம்பர் ஆரம்பம், அந்த வருஷம் ஒன்று வைத்துக்கொள்ள அனுமதி இருந்தது. ஐந்தாறு கிலோ ஆண் மீன். உடம்பெல்லாம் யாரோ தூரிகையால் இழுத்துவிட்ட மாதிரி ஊதாவும் பச்சையும் கலந்த வரிகள், வளைந்த மூக்கு, வாயை மூடினாலும் வெளியே துருத்தும் பல். எனக்கு அது புலி மாதிரி கம்பீரமாகத் தெரிந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் என் மீனையும் என்னையும் ஒரு பார்வை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். வீட்டில் கத்தியை வைத்தால் உள்ளே சிவப்பே இல்லை; அவித்த சேனைக்கிழங்கு மாதிரி ஒரு வெளுப்பு. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. வறுத்ததும் அடுக்களையில் ஆற்றுப்பாசி வாசம். மனைவி ஒரு வாய் வைத்துவிட்டுக் கேட்டாள்: "ஏங்க, பேர்லயே நாய்னு இருக்கே, அப்புறம் எதுக்குங்க தூக்கிட்டு வந்தீங்க?"

அடுத்த மூன்று வருஷம் நான் கோஹோ கட்சிதான்.

பிடிக்கிற சுகத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், என் கணக்கில் இரண்டும் சமம், சுபாவம்தான் வேறு. கோஹோ விடியற்காலை மீன். இருட்டு விலகும் முதல் ஒரு மணி நேரம் ஸ்பின்னரை, அதாவது தண்ணீரில் சுழலும் உலோகப் போலி இரையைத் துரத்தும், பிறகு வாயைப் பூட்டிக்கொள்ளும். மாட்டினால் துள்ளும், உருளும், தூண்டில் நரம்பை உடம்பில் சுற்றிக்கொள்ளும். சம் அப்படியில்லை. மிதவைக்குக் கீழே ஊதா அல்லது ரோஜா நிற ஜிக் (கனத்த தலை வைத்த போலி இரை) போதும், மத்தியானம்கூடக் கடிக்கும். கடித்த பிறகு துள்ளல் குறைவு. தலையை ஆட்டிக்கொண்டு ஆற்றின் நடுவுக்கு ஒரே இழுவை. எருமையைக் கயிற்றில் பிடித்த மாதிரி இருக்கும். சினூக்குக்கு அடுத்தபடி பசிபிக் சால்மனில் பெரிசு இதுதான். உலக சாதனை மீன் 1995-இல் இதே பிரிட்டிஷ் கொலம்பியாவில் பிடித்தது, 35 பவுண்டு, கிட்டத்தட்ட 16 கிலோ. கோஹோவுக்குப் போட்ட மெல்லிய நரம்போடு சம் கூட்டத்துக்குள் போனால் ஜிக், மிதவை எல்லாம் அதோடு போகும். கோஹோக்காரர்கள் சம்மைத் திட்டுவதில் பாதி இதனால்தான். நுணுக்கமாக எதையோ எதிர்பார்த்து நிற்கும்போது இந்த எருமை வந்து கடிக்கிறது. ஈ மாதிரி செய்த போலி இரையைக் கட்டிப் பிடிப்பவர்கள் சம்மைக் கொண்டாடுவார்கள்; நான் அந்தக் கோலைத் தொட்டதில்லை, அதனால் அவர்கள் சொல்வதை அப்படியே விட்டுவிடுகிறேன்.

கோஹோவில் ஒரு தொல்லை உண்டு. எங்கள் பக்கத்து ஆறுகளில் காட்டுக் கோஹோவை விட்டுவிட வேண்டும். ஹாட்சரியில், அதாவது மீன்குஞ்சுப் பண்ணையில் வளர்ந்ததை மட்டும் வைத்துக்கொள்ளலாம். அடையாளம், முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே இருக்கும் குட்டிக் கொழுப்புத் துடுப்பு வெட்டப்பட்டிருப்பது. கோஹோக் குஞ்சு ஒரு வருஷத்துக்கு மேல் நன்னீரில் வளர்கிறது, அதனால் கடலுக்கு விடுமுன் வெட்டிவிட முடிகிறது. சம் குஞ்சு கூழாங்கல்லைவிட்டு வெளியே வந்த கையோடு கடலைப் பார்த்து ஓடிவிடும். அதற்குத் துடுப்பு வெட்டும் வழக்கமில்லை. ஆக, நடுங்கும் விரலோடு முதுகைத் தடவிப் பார்த்து, துடுப்பு முழுசாக இருந்தால் நல்ல மீனைத் தண்ணீரில் விடும் சோகம் கோஹோக்காரனுக்கே உரியது. சம்மை வைக்கலாமா கூடாதா என்பது வருஷத்துக்கு வருஷம், ஆற்றுக்கு ஆறு மாறும். கிளம்பும் முன் மீன்வளத் துறை அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

இனி அந்த நிபந்தனை: சம்மை அது வெள்ளியாக இருக்கும்போதே பிடிக்க வேண்டும்.

சால்மன் ஆற்றுக்குள் நுழைந்தால் சாப்பாட்டை நிறுத்திவிடும். அதற்குப் பிறகு உடம்பில் உள்ள கொழுப்பும் நிறமும்தான் கைச்செலவு. சதையிலிருந்து எடுத்து சினைக்கும் தோலுக்கும் கொடுத்துக்கொண்டே இருக்கும். எல்லா சால்மனுக்கும் இதுதான் விதி. வித்தியாசம், கடிகாரம் எப்போது ஓட ஆரம்பிக்கிறது என்பதில். கோஹோ பல நேரம் வெள்ளியாகவே ஆற்றுக்குள் வந்து, வாரக்கணக்கில் மேலே ஏறி, நிதானமாக நிறம் மாறும். சம் பெரும்பாலும் கடலுக்குப் பக்கத்திலேயே, ஆற்றின் கீழ்ப்பகுதியில் முட்டையிடும் மீன். நீண்ட பயணம் கிடையாது, அதனால் முகத்துவாரத்துக்கு வரும்போதே கிட்டத்தட்டத் தயாராக வருகிறது. உப்புத் தண்ணீரிலேயே வரி விழத் தொடங்கிவிடும். ஆற்றங்கரையில் நிற்பவன் பார்ப்பது கல்யாணக் கோலத்தில் இருக்கும் மீனை. கண்ணுக்கு அழகு, சட்டிக்கு உதவாது.

சம்முக்குக் கொழுப்புக் கையிருப்பும் குறைவு. அமெரிக்க வேளாண் துறையின் உணவுப் பட்டியலில் பச்சை மீன் 100 கிராமுக்குக் கொழுப்பு சினூக்கில் 10 கிராமுக்கு மேல், காட்டுக் கோஹோவில் ஏறக்குறைய 6, சம்மில் 4-க்குக் கொஞ்சம் கீழே. பத்து ரூபாய் வைத்திருப்பவன் இரண்டு ரூபாய் செலவழித்தால் தெரியாது. நாலு ரூபாய் வைத்திருப்பவனுக்குத் தெரியும். யூகான் ஆற்றின் இலையுதிர்கால சம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீந்தியாக வேண்டும் என்பதால் கொழுப்பைச் சுமந்துகொண்டே ஆற்றுக்குள் வருகிறது. அதே இனம், வேறு ருசி. ஜப்பானிலும் இலையுதிர்காலத்தில் ஆற்றைத் தேடி வரும் சாதாரண சம் ஒரு விலை. கோடைத் தொடக்கத்தில், சினை முற்றுவதற்கு முன் கடலில் சிக்கும் 'தோகிஷிராசு' வேறு விலை. ஆக நாய், வெள்ளி என்ற பேரைவிட, எந்த இடத்தில், எந்த நாளில் அதைச் சந்தித்தீர்கள் என்பதுதான் ருசியைத் தீர்மானிக்கிறது.

இது புரிந்த பிறகுதான் நண்பரின் படகில் கடலில் பிடிக்க, வான்கூவர் தீவில் இருக்கும் கேம்பல் ரிவர் என்ற ஊருக்குப் போனேன். ஹார்ஸ்ஷூ பேயில் ஃபெர்ரி ஏறி, நனைமோவில் இறங்கி, வடக்கே 150 கிலோமீட்டர். ஃப்ரேசர் பக்கத்து ஆறுகளுக்கு வரும் சம்மில் ஒரு பங்கு வான்கூவர் தீவின் வடக்கு முனையைச் சுற்றி, ஜான்ஸ்டன் நீரிணை வழியாக, அந்த ஒடுக்கமான கால்வாயில் இறங்கி வருகிறது. அக்டோபரில் மெதுவாக, மிக மெதுவாகப் படகை ஓட்டி, பிளாஷர் என்ற மின்னும் தகட்டுக்குப் பின்னால் ரோஜா நிற ஹூச்சியை (கணவாய் மாதிரி ரப்பர் இரை) இழுப்பதுதான் வித்தை. முதல் மீன் வலைக்குள் வந்தபோது நான் கோஹோ என்றே நினைத்தேன். சுத்தமான வெள்ளி; வரி என்று சொன்னால் பக்கவாட்டில் மூச்சுப் பட்ட கண்ணாடி மாதிரி ஒரு மங்கல், அவ்வளவுதான். வாலைப் பார்த்துத்தான் சம் என்று தெரிந்தது: கோஹோவின் முதுகிலும் வாலின் மேல்பாதியிலும் கறுப்புப் புள்ளி இருக்கும், சம்முக்குப் புள்ளியே கிடையாது. செவுளை அறுத்து ரத்தம் வடியவிட்டு உடனே ஐஸில் வைத்தோம். அறுத்தால் உள்ளே வெளிர் ஆரஞ்சு, இறுகின சதை. வெட்டரில் நான் பிடித்தது இதே மீனின் சில வாரம் கழித்த உருவம் என்று நம்பக் கஷ்டமாக இருந்தது. நான் அங்கே போனது இரண்டே தடவை. இரண்டிலும் அதிர்ஷ்டமும் இருந்திருக்கலாம்.

கடல் என்றாலே போதும் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஹூட் கால்வாய் ஓரம் ஹூட்ஸ்போர்ட் ஹாட்சரி வாசலில் நவம்பரில் உப்புத் தண்ணீரில்தான் தோளோடு தோள் உரசி நிற்கிறார்கள். அங்கே மாட்டுவதில் பாதி வரி போட்ட கிழம். ஆற்றிலும் நல்ல மழைக்கும் உயர் ஓதத்துக்கும் மறுநாள், முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், வெள்ளி மீன் வரும். நான் பார்ப்பது மூன்று. வயிறு வெள்ளையா, இல்லை அழுக்குச் சாம்பலா? செதில் கையோடு வருகிறதா, தோலில் பதிந்துவிட்டதா? ஆசனவாய்ப் பக்கம் கடல்பேன் ஒட்டியிருக்கிறதா? பேன் இருந்தால் கொண்டாட்டம்தான், நன்னீரில் அது சில நாளுக்கு மேல் தாங்காது. மூன்றில் இரண்டு தேறாவிட்டால் விட்டுவிடுவேன். ஆற்றில் கழித்துவிட்ட மீன் வீணாவதும் இல்லை: முட்டையிட்டுச் செத்த சம்மைத் தின்னத்தான் நவம்பரில் ஹாரிசன் ஆற்றங்கரைக்குக் கழுகுகள் கூட்டமாக வந்து இறங்குகின்றன.

அடுக்களையில் கோஹோ சுலபம். உப்பு, மிளகு, கிரில், முடிந்தது. சம்மை அப்படிச் செய்தால் ஒரு நிமிஷம் கூடினாலும் நார் நாராக உலர்ந்துவிடும், இதில் வாதமே வேண்டாம். ஆனால் நம் சமையலுக்கு அந்த உலர்ச்சிதான் வரம். கொழுத்த சால்மனைப் புளிக்குழம்பில் போட்டால் மேலே அதன் எண்ணெய் மிதந்து, மறுநாள் கவிச்சி தூக்கும். சம் துண்டு குழம்பை உறிஞ்சுகிறது, உடையாமல் நிற்கிறது. அதைவிட, புட்டு. சுறாப் புட்டு செய்கிற அதே முறைதான்: மஞ்சள்தூள் போட்டு வேகவைத்து, தோல் உரித்து, உதிர்த்து, சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், கறிவேப்பிலையோடு பிரட்டினால் பொலபொலவென்று வரும். கோஹோவில் இதே புட்டு பிசுபிசுக்கிறது, செய்து பார்த்துவிட்டேன். புகைபோடவும் உலர்த்தவும் சம்தான் இந்தக் கரையோரப் பழங்குடிகளுக்கும் வெகுகாலமாகக் கைகொடுத்த மீன். கொழுப்பு குறைந்தால் சிக்கு வாசம் வர நாளாகும். ஃப்ரீசரிலும் அதே நியாயம்.

சினையில் கோஹோ பக்கத்திலேயே வர முடியாது. சம் முட்டை பெரிசு, சின்னப் பட்டாணி மாதிரி; ஜப்பானியர் இகுராவுக்கு (ஊறவைத்த சால்மன் முட்டை) தேடுவது இதைத்தான். இங்கேயும் அதே கடிகாரம்: சவ்வுக்குள் இறுகி இருக்கும் சினைதான் வேண்டும், உதிரியாகக் கொட்டினால் ஓடு தடித்து வாயில் ரப்பராக உருளும். வெதுவெதுப்பான உப்புத்தண்ணீரில் சவ்வை உரித்து, சோயா சாஸில் ஓர் இரவு ஊறவைத்து, பிறகு இரக்கமில்லாமல் ஒரு வாரம் மைனஸ் 20 டிகிரியில் உறையவைக்கிறேன், புழு பயத்துக்காக. வீட்டு ஃப்ரீசர் அந்தக் குளிருக்குப் போகிறதா என்று தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது. விற்கலாமே என்று ஒருவர் கேட்டார். பொழுதுபோக்கு உரிமத்தில் பிடித்ததை விற்பது சட்டப்படி குற்றம்.

ஃபெர்ரி, பெட்ரோல், படகுக்குப் பங்கு எல்லாம் சேர்த்தால் வெட்டர் கரையில் நின்று பிடிக்கும் கோஹோதான் மலிவு. கையில் ஒரே ஒரு சனிக்கிழமையும் ஆற்றங்கரையும் மட்டும் இருந்தால் நானும் கோஹோவுக்குத்தான் நிற்பேன். ஃப்ரீசரில் இருக்கும் அந்த ஒன்று அப்படி நின்று பிடித்ததுதான். டிசம்பரில் டொரான்டோவிலிருந்து மச்சான் வருகிறார். சிவப்பாக இருந்தால்தான் சால்மன் என்பார், அவருக்கென்று அது இருக்கட்டும். புட்டு மட்டும் சம்மில்தான் செய்யப்போகிறோம். என்ன மீன் என்று அவர் கேட்டால் கீட்டா என்று சொல்லச் சொல்லியிருக்கிறாள் மனைவி.