இத்தாலி வம்சாவளி தேடிக் குடுக்கற ஆளு: எங்க மாப்ளைக்காகப் போட்ட காசுக்கு ரிவ்யூ, 4/5

ரெண்டு வருசம் முன்னாடி பெருந்துறைல தங்கச்சி கல்யாணம். மாப்ளை அமெரிக்காக்காரரு, பேருக்குக் கடைசில எஸ்போசிட்டோன்னு வரும், இத்தாலி வம்சம்னு தெரியும், அதுக்கு மேல அவருக்கே தெரியாது. எங்க ஆத்தா பந்தல்லயே புடிச்சிக்கிச்சு, "ஏனுங் மாப்ள, நீங்க எந்தக் கூட்டம், எந்தக் கோயலு?" (கூட்டம்னா எங்க கொங்குப் பக்கம் குலம்.) தங்கச்சி இங்கிலீஷ்ல சொன்னதும் அவரு சித்த நேரம் முழிச்சிட்டு "நேப்பிள்ஸ்"னாரு. ஆத்தா எம்பக்கம் திரும்பி "கூட்டம் தெரியாதவனுக்கா புள்ளயக் குடுத்தீங்க"ன்னுச்சு, அது மனசுல கெடந்து உறுத்தி உறுத்தித்தான் நானும் மாப்ளையும் இந்த வேலைல எறங்குனோம்.

மொதல்ல ஆன்லைன்ல ஒரு கம்பெனி, பேரு வேண்டாம். காசு கட்டி ஒரே வாரத்துல பளபளன்னு ஒரு பிடிஎஃப் அனுப்புனாங்க, சிங்கம் போட்ட ஒரு கேடயம், "உங்க வம்சம் பிரபு வம்சம்"னு தங்க எழுத்துல. மாப்ளை அத ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டிட்டாரு. அந்தச் சிங்கத்த மறந்துறாதீங்க, பின்னாடி வருது.

அப்புறம் நாமளே பாக்கலாம்னு உக்காந்தோம். இத்தாலி அரசு ஆவணக் காப்பகங்களோட பழைய பொறப்பு, கல்யாண, சாவுப் பதிவேடு நெறைய ஆன்டெனாட்டின்னு ஒரு சைட்ல ஃப்ரீயா கெடக்குது, ஃபேமிலிசர்ச்ங்கற சைட்லயும் இருக்குது. ஆனா ஊரு தெரியாம ஒண்ணும் புடுங்க முடியாதுங்க. நெறைய பதிவேட்ட பேரு போட்டுத் தேட முடியாது, பக்கம் பக்கமா தள்ளிப் பாக்கணும், கையெழுத்து எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும், தேதிகூட நம்பர்ல இல்லாம எழுத்துல எழுதியிருப்பாங்க. நாலு ஞாயித்துக்கெழம போனதுதான் மிச்சம்.

கடைசில இத்தாலிலயே இருக்கற ஒரு ஜீனியாலஜிஸ்ட், அதாவது வம்சாவளி தேடிக் குடுக்கற அம்மாவப் புடிச்சோம். வீடியோ கால்ல அவங்க கேட்ட மொதக் கேள்வியே "இத்தாலி பாஸ்போர்ட்டுக்காகவா?"ன்னுதான். அப்படின்னா காசக் கட்டாதீங்க, 2025ல வம்சத்த வச்சுக் குடியுரிமை குடுக்கற சட்டத்த மாத்திட்டாங்க, வெளிநாட்டுல பொறந்தவங்களுக்கு இப்ப பொதுவா அப்பா அம்மா இல்லாட்டி தாத்தா பாட்டி வரைக்கும்தான் கணக்கு, உங்களுக்கு இத்தாலில இருந்து வந்தது பூட்டன், ஒத்து வராதுன்னு பட்டுனு சொல்லிட்டாங்க. வர்ற காச வேண்டாம்ங்கற மாதிரி பேசுனதுலயே எனக்கு நம்பிக்கை வந்துருச்சு. இல்லைங்க வேருதான் வேணும்னோம், மொத்தம் 900 யூரோ பேசி பாதி அட்வான்ஸ்.

அவங்க இத்தாலில தேட ஆரம்பிக்கவே இல்ல, மொதல்ல அமெரிக்காப் பக்கத்துக் காகிதத்தக் கேட்டாங்க. குடியுரிமை வாங்குன பேப்பரு, கல்யாண சர்டிபிகேட், கல்லறைல எழுதுனது, அப்புறம் கப்பல் பட்டியல். கப்பல்ல வந்து எறங்குனவங்கள சோதிச்ச நியூயார்க் எல்லிஸ் தீவுல ஆபீசருங்க பேர மாத்திட்டாங்கன்னு மாப்ளை வூட்டுல ஒரு கதை ஓடிட்டு இருந்துது, அது சும்மாங்க, பட்டியல் கப்பல் ஏறுற எடத்துலயே எழுதுனது, எறங்குற எடத்துல சரி பாக்கறது மட்டும்தான். பூட்டன் வந்தது 1911ல, அது அதிர்ஷ்டம், ஏன்னா அமெரிக்காவோட 1907 குடியேற்றச் சட்டத்துக்கப்புறம் ஊர்ல இருக்கற நெருங்குன சொந்தக்காரங்க பேரு விலாசத்தையும் கேட்டு எழுதுனாங்க. அதப் பாத்தா நேப்பிள்ஸ் அவரு கப்பல் ஏறுன துறைமுகம், அவ்வளவுதான். சொந்த ஊரு அவெல்லினோ பக்கம் மலை மேல ஒரு சின்ன ஊரு. சென்னைல பிளைட் ஏறுனவன சென்னைக்காரன்னு சொன்ன கதை.

அந்தப் பக்கமெல்லாம் நெப்போலியன் ஆளுங்க காலத்துலயே, 1809லயே, பதிவேடு ஆரம்பிச்சிருச்சு. அதுக்கும் மேல எங்களுக்குக் கை குடுத்தது கல்யாண ஃபைலு. பொண்ணு மாப்ளை பொறப்பு நகலு, அப்பா செத்திருந்தா அவரு சாவு நகலு, சிலதுல தாத்தாவோடதுகூட ஒண்ணா கட்டி வச்சிருப்பாங்க, ஒரு ஃபைலு கெடச்சா மூணு தலமொற தெரிஞ்சிரும். இன்னொண்ணு, பொம்பளைங்க சாகற வரைக்கும் பொறந்த வூட்டுப் பேர்லயேதான் பதிவு. இதக் கேட்டு ஆத்தாளுக்கு ஒரே சந்தோசம், "நானுங்கூட பொறந்தது தூரன் கூட்டம், வந்தது காடை கூட்டம், கேட்டா ரெண்டுந்தான் சொல்லுவேன், பரவால்லயே அந்த ஊரு"ன்னுச்சு.

பூட்டன், அவரு அப்பா, அவரு தாத்தான்னு மளமளன்னு வந்துட்டு 1811ல நின்னுருச்சு. அந்தப் பக்கத்து ஸ்கேன நான் பாத்தேன். ராத்திரி அஞ்சு மணின்னு இருக்குது, அந்தக் காலத்துல பொழுது உழுந்ததுல இருந்து எண்ணுவாங்களாம், நாம நாழிகைய பொழுது விடிஞ்சதுல இருந்து எண்ணற மாதிரி. சுவத்துல ஒரு சொழல்ற மரப்பெட்டி, வெளிய யாரோ கொழந்தைய வச்சிட்டு சுத்தி விட்டுட்டுப் போயிருக்காங்க, உள்ள எடுத்த பொம்பள மேயர் முன்னாடி கொண்டாந்து காட்டுனது, சுத்தியிருந்தது ஒரு கிழிஞ்ச வெள்ளத் துணி, கழுத்துல செவப்பு நூலு. அம்மா அப்பா தெரியாது. பேரு வச்சது ஆபீஸ்ல. எஸ்போசிட்டோன்னாலே வெளிய விடப்பட்ட கொழந்தைன்னுதான் அர்த்தமாம். சேலத்துல 1992ல ஆரம்பிச்ச தொட்டில் கொழந்தை திட்டத்த நாம பாத்தவங்க, அதனால மாப்ளைக்கு வெளக்கறதுல சிரமம் இல்ல, ஆனா அவரு ரொம்ப நேரம் பேசல. அன்னைக்கே சிங்கத்தக் கழட்டிட்டாரு.

அந்தம்மா இதுக்கு மேல போகாதுன்னு நேரா எழுதிட்டாங்க, இன்னும் ஒரு 200 யூரோ குடுங்க பாக்கறேன்னு இழுக்கல. அதுக்குத்தான் நாலு ஸ்டார். ஒண்ணு கொறச்சதுக்குக் காரணம், மூணு மாசம்னு சொல்லிட்டு எட்டு மாசம் ஆச்சு, ஆகஸ்ட் முழுக்க மெயிலுக்குப் பதிலே இல்ல, மொழிபெயர்ப்புக்குத் தனிக் காசுங்கறத பில்லுலதான் பாத்தோம். மொதல்லயே எழுதி வாங்கிக்கோங்க.

ஆத்தாகிட்ட தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் வெத்தல மென்னுட்டு "செவப்பு நூலு கட்டித்தான வுட்டிருக்கா"ன்னுச்சு, அப்புறம் கூட்டம் பத்திக் கேக்கறதே இல்ல.

இப்ப தங்கச்சி மாசமா இருக்குது. ரிப்போர்ட்ல கடைசி பக்கத்துல அந்த ஊரு வழக்கம்னு எழுதியிருந்தாங்க, மூத்த பையனுக்கு அப்பாவப் பெத்தவரு பேரு, ரெண்டாவதுக்குத்தான் அம்மாவப் பெத்தவரு பேருன்னு. மாப்ளை அத எங்கப்பாவுக்கு வாட்ஸாப்ல அனுப்பிட்டாரு. அவரு நேத்துல இருந்து யாருகூடவும் பேசல.