அட்டையில் நாலு வாக்குறுதி: ‘டிராகன்ஸ் பிளட்’ சீடம் வாங்கலாமா?

மே மாத விக்ரோறியா தின விடுமுறை நெருங்கியதும் ஒன்ராறியோக் கன்றுக்கடைகளின் முன்வரிசையில் விளிம்பு சிவந்த இலையோடு, சீடம் என்ற இந்தப் படர்செடியின் சாடி வந்து குந்திவிடும். செருகியிருக்கும் அட்டையில் நாலு வாக்குறுதி: குளிர் தாங்கும், தண்ணீர் வேண்டாம், பராமரிப்பு வேண்டாம், புல்லுக்குப் பதிலாக வைக்கலாம். முதலாவது முழு உண்மை. இரண்டாவது, இரண்டாம் வருடத்திலிருந்து உண்மை. மூன்றாவது முக்கால்வாசி. நாலாவதை நம்பிப் புல்தரையைக் கிளறிவிட்டு நட்டால் காசும் போகும், களையும் வரும்.

செடி நல்ல செடி. குறையெல்லாம் அது வளர்த்து விற்கப்படும் விதத்தில் இருக்கிறது. ஆகவே மதிப்பெண்ணை இரண்டாகவே போட வேண்டும்: செடிக்கு ஐந்துக்கு நாலரை, கடைச்சாடிக்கு ஐந்துக்கு இரண்டரை.

இதன் ஊர் காக்கேசிய மலைத்தொடர். ஆர்மீனியா, வட ஈரான், துருக்கியின் வடகிழக்கு மலைகள் வரை பாறை இடுக்கிலும் சரளைச் சரிவிலும் படர்ந்து கிடக்கும். தாவரவியலாளர்கள் இதை ‘ஃபெடிமஸ் ஸ்பூரியஸ்’ என்று மாற்றிப் பல வருடமாகிவிட்டது. கடைக்காரர்கள் இன்னும் ‘சீடம் ஸ்பூரியம்’ என்றுதான் எழுதுகிறார்கள், கேட்கும்போதும் அப்படியே கேளுங்கள். ‘டிராகன்ஸ் பிளட்’ என்பது வணிகப் பெயர். அசல் வகை ஜேர்மனியில் தெரிந்தெடுத்த ‘ஷோர்பூசர் புளூட்’.

ஊரில் ரணகள்ளி வளர்த்தவர்களுக்கு இது தூரத்துச் சொந்தம். இரண்டும் ஒரே குடும்பம். பகலில் இலைத்துளைகளை மூடிவைத்து, இரவில் திறந்து கரியமில வாயுவை எடுத்து அமிலமாகச் சேமித்துக்கொள்ளும் குடும்பம் அது. தண்ணீர்ச் சிக்கனத்தின் இரகசியம் அங்கேதான் இருக்கிறது. ரணகள்ளி இலை விளிம்பில் குட்டி போடும். இது தண்டின் கணுவில் வேர்விடும். ஒரு தண்டைத் தூக்கி அடிப்பக்கம் பாருங்கள்: இலைச்சோடி உதிர்ந்த கணு ஒவ்வொன்றிலும் வெள்ளை முளை ஊசிமுனை போல நீட்டிக்கொண்டிருக்கும். அந்த முளை மண்ணைத் தொட்டால் வேர், காற்றில் நின்றால் வெறும் முளை. நடுகையில் செய்யும் எல்லாமே அந்த முளையை மண்ணோடு சேர்ப்பதற்குத்தான்.

கடையில் பார்க்க வேண்டியவை மூன்று. முதலில் நிறம். ஒரு தட்டில் இருக்கும் சாடிகளில் சில கருஞ்சிவப்பு, சில பச்சை, சில இடைப்பட்டது என்றால் அது பெரும்பாலும் விதையில் வளர்த்தது. அசல் வகையைத் தண்டு வெட்டித்தான் பெருக்க முடியும். விதைக்கன்றை மலிவாகக் கொடுத்தால் வாங்கலாம், அசலின் விலைக்கு வாங்க வேண்டாம். இரண்டாவது, தண்டின் அடி. விரலால் இலைகளை விலக்கி மண் மட்டத்தைப் பாருங்கள். அங்கே தண்டு கறுத்து, அமுக்கினால் நீர் கசிந்தால் அழுகல் தொடங்கிவிட்டது. மேலே எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் திருப்பி வைத்துவிடுங்கள். மூன்றாவது, சாடியின் எடை. தூக்கியவுடன் பாரமாகச் சொட்டினால் தினமும் தண்ணீர் அடிக்கிறார்கள் என்று பொருள்.

பூத்திருக்கும் பெரிய சாடி கண்ணைப் பறிக்கும். ஆனால் 1 கலன் சாடி ஒன்றின் விலைக்கு 4 அங்குலச் சாடி இரண்டு கிடைத்தால் சிறியதே இலாபம். இரண்டும் ஒரே அகலத்துக்கு வர ஒரு கோடைகாலம்தான் வித்தியாசம். பெரிய பரப்பு என்றால் 72 குழித் தட்டாக விற்கும் மொத்தக் கன்றுகளைத் தேடுங்கள். கூரைத்தோட்டக்காரர்கள் வாங்குவதும் அதைத்தான். ரொறன்ரோ நகரம் 2009-இல் பெரிய புதுக் கட்டடங்களுக்குப் பசுங்கூரையைக் கட்டாயமாக்கும் விதியைக் கொண்டுவந்தபின் இந்தச் செடிக் குடும்பத்துக்கு இங்கே நல்ல கிராக்கி. 10 செ.மீ. ஆழமுள்ள சரளைக் கலவையில், மொட்டை வெயிலில், −20 பாகைக் குளிரில் நிற்கக்கூடிய செடிகள் அதிகமில்லை.

இனிச் சாடியின் குற்றம். கடைக்கன்றுகள் பீற் பாசியில் (சதுப்புநிலத்தில் மட்கிய பாசி) வளர்கின்றன. பீற் காய்ந்தால் தண்ணீரைத் தள்ளும், நனைந்தால் விடாது. அதை அப்படியே ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதிக் களிமண்ணில் குழி தோண்டி இறக்கினால், களிமண் கிண்ணத்துக்குள் ஒரு ஈரப்பஞ்சை வைத்த கதைதான். நவம்பர் மழை அதில் நிறையும், சனவரியில் உறையும், ஏப்ரலில் தூக்கினால் தண்டு கையோடு வரும். குளிர் கொன்றது என்று எல்லாரும் நினைப்பார்கள். கொன்றது ஈரம்.

வழி எளிது. வாளித் தண்ணீரில் வேருருண்டையை 10 நிமிடம் ஊறவிட்டு, விரலால் கோதிப் பாதிப் பீற்றையாவது கழுவி விடுங்கள். சில வேர் அறும். கவலை வேண்டாம், கணுவிலிருந்து புதிது வரும்.

பாத்தி கட்டும்போது ஒரு பிழை திரும்பத் திரும்ப நடக்கிறது: களிமண்ணுக்குள் இரண்டு பை மணலைக் கொட்டிக் கிளறுவது. அரைகுறை மணல் களியோடு சேர்ந்து சீமெந்து போல இறுகும். கிளறாமல், மேலே 10 முதல் 15 செ.மீ. உயர்த்திக் கட்டுங்கள். கலவை: சல்லி 2 பங்கு, தோட்டமண் 1 பங்கு, கூட்டெரு அரைப் பங்கு, அதற்குமேல் கூட்டெரு ஒரு கை கூட வேண்டாம். சல்லியில் கவனம். கட்டுமானக் கடையில் ‘ஹெச்பிபி’ என்று கேட்டால் கழுவிய சுண்ணாம்புச் சல்லி தருவார்கள், பட்டாணியளவும் சற்றுச் சிறியதும், தூள் இல்லாதது. ‘ஸ்கிரீனிங்ஸ்’ என்பது தூளோடு வருவது, நடைபாதைக்கு இறுக்கிப் போடுவதற்கு. அதைப் போட்டால் தண்ணீர் இறங்காது. இரண்டும் ஒரே குவியல் போலத்தான் தெரியும், கையில் அள்ளி உதறிப் பாருங்கள்: தூசி ஒட்டினால் வேண்டாம். சுண்ணாம்புக் காரத்தை இந்தச் செடி பொருட்படுத்தாது.

3 மீற்றர் நீளம், 1 மீற்றர் அகலமுள்ள பாத்திக்கு 30 செ.மீ. இடைவெளியில் ஏறத்தாழ 33 கன்று. அத்தனையும் காசுக்கு வாங்கத் தேவையில்லை. யூன் தொடக்கத்தில், பூமொட்டு வருமுன், ஒரு கலன் சாடியிலிருந்து 5 முதல் 8 செ.மீ. துண்டுகளாகக் குறைந்தது இருபத்தைந்து வெட்டலாம். கீழ்ப்பாதி இலையைக் கிள்ளி, ஒரு நாள் நிழலில் வெட்டுவாய் காயவிட்டு, இரண்டு கணுவாவது மண்ணுக்குள் போகும்படி சரித்துச் செருகுங்கள். நிமிர்த்திக் குத்துவதைவிடச் சரித்து வைப்பதில் அதிகக் கணு மண்ணைத் தொடும். இரண்டு மூன்று கிழமையில் மெதுவாக இழுத்துப் பாருங்கள். கையோடு வராமல் மண்ணைப் பிடித்துக்கொண்டு நின்றால் வேர்விட்டுவிட்டது. வேர்விடும் தூள் வாங்கச் சொன்னால் காசைப் பையிலேயே வையுங்கள்.

தண்ணீர்: முதல் இரண்டு கிழமை மூன்று நாளுக்கு ஒருமுறை, பிறகு அந்தக் கோடை முழுக்க மழையில்லாத கிழமைக்கு ஒருமுறை. அடுத்த வருடத்திலிருந்து இலை கேட்டால் மட்டும். இலை சுருங்கி மெலிந்து, விரலுக்குள் தோல் போல மடிந்தால் தாகம். அடி இலை மஞ்சளாகிக் கண்ணாடி போல ஊடுதெரிந்தால் மிகை. இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டு, வாடுகிறதென்று அழுகும் செடிக்கு மேலும் ஊற்றுவதுதான் அதிகம் நடக்கிறது.

பசளை வேண்டவே வேண்டாம். புல்லுக்குத் தூவும் நைதரசன் மணிகள் ஓரத்தில் சிதறினாலே போதும், தண்டு நீண்டு, நடுவில் வகிடெடுத்தது போலப் பிளந்து சாயும். அதோடு சிவப்பும் போய்விடும். அந்தச் சிவப்பு பட்டினியின் நிறம். வெயில், வறண்ட மண், குளிர்ந்த இரவு மூன்றும் சேரும்போது இலையில் கூடுவது. வசந்தத்தில் பச்சையாக, விளிம்பு மட்டும் சிவந்து வருவதைப் பார்த்து ஏமாந்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். செப்டெம்பர் வரட்டும். நாளுக்கு 6 மணிநேர வெயிலுக்குக் குறைந்தால் மட்டும் வருடம் முழுக்கப் பச்சைதான். நடுவே முழுப் பச்சைத் தண்டுகள் தனியாகத் தலைதூக்கினால் வேரோடு பிடுங்குங்கள். அவை சிவப்பைவிட வேகமாக வளர்ந்து மூடிவிடும்.

முதல் குளிர்காலம் முடிந்த ஏப்ரலில் பாத்தியைப் பார்த்துப் பலர் மண்வெட்டியோடு போகிறார்கள். பழுப்புத் தண்டு, இலையில்லை, நுனியில் மட்டும் சட்டைப் பொத்தான் அளவில் சிவந்த கொத்து. அது செத்த செடி அல்ல, இந்த வகையின் குளிர்காலக் கோலம். அந்தக் கொத்தை நகத்தால் அழுத்துங்கள், உறுதியாக இருந்தால் மே நடுப்பகுதியில் எல்லாம் மூடிவிடும்.

பூ யூன் கடைசியிலிருந்து ஓகஸ்ட் வரை, நட்சத்திரம் போல ஐந்து இதழ், அடர் இளஞ்சிவப்பு, தேனீ மொய்க்கும். பூத்து முடிந்த காம்பு கபிலமாகக் காய்ந்து நிற்பதுதான் அசிங்கம். வேலிக்கத்தரியால் ஓகஸ்ட் கடைசியில் ஒரே வெட்டு, 5 செ.மீ. உயரத்துக்கு. ‘பராமரிப்பு வேண்டாம்’ என்பதில் நான் கழித்த கால்வாசி இதுவும், மேப்பிள் விதையும். சிறகோடு சுழன்று விழும் விதைகள் இந்தப் படர்வுக்குள் இதமாக முளைக்கும். இரண்டு இலையில் பிடுங்கினால் ஒரு விரல் வேலை; அடுத்த வருடம் என்றால் செடியையும் சேர்த்துக் கிளப்ப வேண்டும்.

திடீரென்று ஒரு திட்டு வாடி, தூக்கினால் வேரின்றி வந்தால், மண்ணைக் கிளறுங்கள். C போல வளைந்த, காலில்லாத வெள்ளைப் புழு, பழுப்புத் தலை: வைன் வீவில் வண்டின் குஞ்சு. சாடி மண்ணோடும் வீட்டுக்கு வந்துவிடும். பீற்றைக் கழுவச் சொன்னதற்கு இது இரண்டாவது காரணம்.

புல்லுக்குப் பதில் என்ற கதைக்கு வருவோம். தண்டில் நீர் நிறைந்திருக்கிறது, மிதித்தால் ஒடியும். தபால்காரர் எப்போதாவது கால் வைப்பதைத் தாங்கும்; பிள்ளைகள் பந்தடிப்பதைத் தாங்காது. டிரைவ்வே ஓரத்தில் நடலாம், ஆனால் உப்புக் கலந்த பனியை வழித்து இதன்மேல் மலையாகக் குவிக்காதீர்கள். கடைசியாக உருகுவது அந்தக் குவியல்தான், அடியிலிருக்கும் செடி ஊறியே அழுகும்.

மாற்று வேண்டுமென்றால்: நிழல் கூடிய இடத்துக்கு இதே இனத்தின் ‘ஜோன் கிரீச்’, பச்சைதான், ஆனால் நெருக்கமாகப் படரும், களைக்கு இடம் விடாது. ‘டிரைகலர்’ அழகு, வெள்ளை விளிம்பு. இரண்டு வருடத்தில் பாதி பச்சைக்குத் திரும்பிவிடும், நான் வாங்கச் சொல்ல மாட்டேன். மஞ்சள் பூப் பூக்கும் ‘சீடம் ஏக்கர்’ என்ற வகை மலிவு, வேகம், ஆனால் அயல்வீட்டுக் கல்லிடுக்கு வரை போகும்; வாயில் வைத்தால் காரமாக இருக்கும்.

சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ ஒரு துண்டு கொண்டுபோக ஆசை வரும். குளிர்கால உறக்கம் வேண்டிய செடி. புழுங்கும் இரவும் வடகீழ்ப் பருவமழையும் சேர்ந்தால் ஒரு வருடம் தாண்டாது. தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் கொண்டுபோகவும் கூடாது.

எப்போது வாங்குவது? மேயில் முழு விலை. செப்டெம்பரில் அதே சாடி பாதி விலைக்கு, சாய்ந்து, நடு மொட்டையாக ஓரமாகக் கிடக்கும். ஆனால் அசல் சிவப்பு அப்போதுதான் தெரியும், விதைக்கன்றைப் பிரித்தறியவும் அதுவே நேரம். வாங்கலாம். கழுவி, பிரித்து, அந்த மாதக் கடைசிக்குள் மண்ணில் வைத்துவிட வேண்டும். நிலம் உறையுமுன் ஆறு கிழமையாவது வேர் ஓட வேண்டும். பிந்தினால் உறைந்து உருகும் மண் கன்றை மேலே தள்ளிவிடும். அப்படித் தள்ளியதைக் கண்டால் மார்ச்சில், மண் இளகிய நாளில், பெருவிரலால் திரும்ப அமுக்கி, சுற்றிலும் ஒரு பிடி சல்லி போடுங்கள்.