அண்டர்ஸ்டாட்: ‘அடுத்த கோச் யார்?’ சண்டைக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

2024 அக்டோபர் 28 அன்று மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து கிளப் தன் கோச் எரிக் டென் ஹாகை வேலையை விட்டு அனுப்பியபோது அணி இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் 14ஆவது இடத்தில் கிடந்தது. 9 ஆட்டம், 11 புள்ளி, அடித்தது வெறும் 8 கோல். அடுத்து யார் என்று ரசிகர்கள் ஆளுக்கொரு பெயரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்: அமோரிம், தாமஸ் ஃபிராங்க், ஷாவி, சவுத்கேட், மெக்கென்னா. இந்த மாதிரி விவாதங்களில் குரல் உயர்வதற்கு முன்னால் திறந்து பார்க்க வேண்டிய கால்பந்துப் புள்ளிவிவரத் தளம் அண்டர்ஸ்டாட். காசு கிடையாது, கணக்குத் தொடங்கவும் வேண்டாம். ‘போன கோச் உண்மையிலேயே மோசமா, இல்லை நேரம் சரியில்லையா?’ என்ற கேள்விக்கு ஐந்து நிமிடத்தில் உருப்படியான பதில் தருகிறது. ‘வரப்போகிறவர் நல்லவரா?’ என்றால் பாதிப் பெயர்களுக்குக் கையை விரித்துவிடுகிறது. இரண்டையும் தெரிந்துகொண்டு பயன்படுத்தினால் இது அருமையான கருவி.

தளத்தின் அச்சாணி எக்ஸ்ஜி (xG). ஒரு ஷாட் கோலாகும் வாய்ப்பு எவ்வளவு என்பதை 0 முதல் 1 வரையிலான எண்ணாகச் சொல்லும் கணக்கு இது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஷாட்களை, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கும் அதிகமான அளவுகோல்களோடு கொடுத்து ஒரு நியூரல் நெட்வொர்க்கைப் பழக்கியிருப்பதாகத் தளமே சொல்கிறது. பெனால்டி ஒன்றுக்குச் சுமார் 0.76 விழும். இதை மறந்துவிட்டுத்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். இரண்டு பெனால்டி கிடைத்த அணி ஒன்றரை எக்ஸ்ஜியோடு பார்வைக்குப் பலசாலியாகத் தெரியும். ஓடும் ஆட்டத்தில் அது ஒன்றுமே செய்யாமல் இருந்திருக்கலாம். அதனால் முதல் வேலையாக லீக் பக்கத்தில் அட்டவணைக்கு மேலே இருக்கும் பல்சக்கரக் குறியைத் தட்டி, பெனால்டி இல்லாத எக்ஸ்ஜி (NPxG), பிபிடிஏ (PPDA), டிசி (DC) ஆகிய நெடுவரிசைகளையும் காட்டச் சொல்லுங்கள். தளம் தானாகக் காட்டும் நெடுவரிசைகள் மட்டும் கோச் விவாதத்துக்குப் போதாது.

பிபிடிஏ என்பது பிரஸ்ஸிங்கின் அளவு. எதிரணி தன் பக்கத்தில் பந்தை வைத்திருக்கும்போது, நம் ஆட்கள் ஒரு டாக்கிளோ, இடைமறிப்போ, ஃபவுலோ செய்வதற்கு முன் எத்தனை பாஸ் போட விடுகிறார்கள் என்ற கணக்கு. எண் சிறிதாக இருந்தால் விரட்டிப் பிடிக்கும் அணி, பெரிதாக இருந்தால் பின்வாங்கிக் காத்திருக்கும் அணி. டிசி என்றால் கோலுக்குச் சுமார் 20 கஜத்துக்குள் போய்ச் சேர்ந்த பாஸ்கள், கிராஸ்கள் நீங்கலாக. கோச் மாறும்போது முதலில் நகர்வது பெரும்பாலும் இந்த இரண்டும்தான். கோலும் புள்ளியும் பின்னால் வரும், சில நேரம் வராமலே போகும்.

அடுத்தது தேதி வடிகட்டி. தளத்தில் எங்களுக்கு மிகவும் பிடித்தது இதுதான். தவறாகக் கையாண்டால் ஆளை ஏமாற்றுவதும் இதுதான். ரூபன் அமோரிமின் பெயரை யுனைடெட் அறிவித்தது 2024 நவம்பர் 1. அந்தத் தேதியை அப்படியே போட்டு ‘அமோரிம் காலம்’ என்று அட்டவணை எடுத்தால் கணக்கு பிசகும். அவர் வந்து சேரும்வரை இடைக்காலப் பொறுப்பில் இருந்தவர் ரூட் வான் நிஸ்டல்ரூய். நவம்பர் 3 அன்று செல்சியோடு 1-1, நவம்பர் 10 அன்று லெஸ்டருக்கு எதிராக 3-0. அந்த 4 புள்ளியும் வான் நிஸ்டல்ரூயுடையவை. அமோரிமின் முதல் ஆட்டம் நவம்பர் 24, இப்ஸ்விச்சில், 1-1. ஆகவே தொடக்கத் தேதி நவம்பர் 24 ஆக இருக்க வேண்டும். எந்தக் கோச்சை அலசினாலும் அறிவிப்புத் தேதியைத் தள்ளிவிட்டு, அவர் பெஞ்சில் நின்ற முதல் லீக் ஆட்டத்தின் தேதியைப் போடுங்கள்.

இனி அந்த 9 ஆட்டங்களுக்கு வருவோம். 2024-25 பக்கத்தில் டென் ஹாகின் கடைசி 9 ஆட்டங்களை மட்டும் பிரித்தெடுத்தால் எக்ஸ்ஜி அந்த 8 கோலைவிட நன்றாகவே மேலே நிற்கும். வாய்ப்புகள் வந்தன, ஆட்கள் தவறவிட்டார்கள். கடைசியாகத் தோற்ற வெஸ்ட் ஹாம் ஆட்டத்தின் ஷாட் வரைபடத்தைத் திறந்தாலே முதல் பாதியில் எத்தனை பெரிய வட்டங்கள் (வட்டம் பெரிதானால் வாய்ப்பும் பெரிது) கோலாகாமல் கிடக்கின்றன என்று தெரியும். ‘பாவம், துரதிர்ஷ்டம்’ என்று அவரது ஆதரவாளர்கள் வாதாட இது நல்ல ஆதாரம்தான்.

ஆனால் ஒரு சீசன் பின்னால் போங்கள். 2023-24இல் யுனைடெட் 60 புள்ளியோடு 8ஆவது. அடித்தது 57, வாங்கியது 58. எக்ஸ்ஜிஏ (xGA), அதாவது எதிரணிகளுக்கு விட்டுக்கொடுத்த எக்ஸ்ஜி நெடுவரிசையைப் பார்த்தால், வாங்கிய 58ஐவிட அது தெளிவாகவே அதிகம். அதாவது கோல்கீப்பரின் கையும் எதிரணிகளின் குறி தவறலும் காப்பாற்றியதால்தான் அந்த 8ஆவது இடமே வந்தது. ஒரே கோச்சுக்கு ஒரு பக்கம் ‘நேரம் சரியில்லை’ என்கிறது, இன்னொரு பக்கம் ‘நேரம் நன்றாக இருந்தும் இவ்வளவுதான்’ என்கிறது. எதை நம்புவது? 9 ஆட்டத்தைவிட 38 ஆட்டத்தை. 10 ஆட்டத்துக்குக் குறைவான எக்ஸ்ஜியை வைத்து யாரையும் அனுப்பவும் கூடாது, காப்பாற்றவும் கூடாது. ஆன்டோனி இராவோலா பேர்ன்மவுத்துக்கு வந்த 2023-24இல் முதல் 9 லீக் ஆட்டங்களில் ஒரு வெற்றிகூட இல்லை. அந்த சீசன் 48 புள்ளியோடு 12ஆவது இடத்தில் முடிந்தது. அடுத்த சீசனில் 56 புள்ளி, 9ஆவது இடம். அந்த முதல் 9இல் கிளப் பொறுமை இழந்திருந்தால் கதையே வேறு.

எக்ஸ்பிடிஎஸ் (xPTS) பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்திலும் இரு அணிகளின் ஷாட்களை வைத்து, ‘இப்படி ஆடினால் சராசரியாக எத்தனை புள்ளி கிடைத்திருக்கும்’ என்று கூட்டிச் சொல்லும் எண் இது. பக்கத்திலேயே சிறிய எழுத்தில், உண்மைப் புள்ளிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் நிற்கும். இதன் அருமை தெரிய இரண்டு பழைய பக்கங்களைத் திறந்து பாருங்கள். ஒன்று 2014-15 புண்டஸ்லிகா, ஜெர்மனியின் முதல்நிலை லீக். யூர்கன் க்ளோப்பின் டார்ட்முண்ட் 2015 பிப்ரவரியில் கடைசி இடத்துக்கே போய், பிறகு 46 புள்ளியோடு 7ஆவதாக முடித்தது. எக்ஸ்ஜி கணக்கில் அது 7ஆவது இடத்து அணியே இல்லை. லிவர்பூலின் ஆய்வுப் பிரிவும் அந்த சீசனை அப்படித்தான் படித்தது. 2015 அக்டோபரில் க்ளோப் லிவர்பூலின் கோச்சாக ஆன்ஃபீல்டில் இருந்தார். இன்னொன்று 2020-21 பிரீமியர் லீக். கிரஹாம் பாட்டரின் பிரைட்டன் 41 புள்ளியோடு 16ஆவது, ஆனால் எக்ஸ்பிடிஎஸ் வரிசையில் பட்டியலின் மேல் பாதியில். அடுத்த ஆண்டே 51 புள்ளி, 9ஆவது இடம். எண் சொன்னது பலித்தது.

அதே பாட்டர் 2022 செப்டம்பரில் செல்சிக்குப் போய் 2023 ஏப்ரல் 2 அன்று வெளியேற்றப்பட்டார், ஏழு மாதம்கூட முடியவில்லை. நடுத்தர அணியை அதன் வசதிக்கு மீறி ஆட வைப்பது ஒரு திறமை. இரு பரிமாற்றக் காலத்தில் வந்து குவிந்த நட்சத்திரங்களை ஓர் அறைக்குள் ஆள்வது வேறொரு திறமை. இரண்டாவதை அளக்கும் நெடுவரிசை இந்தத் தளத்தில் இல்லை. ‘எக்ஸ்பிடிஎஸ் பாருங்கள், இவர்தான் ஆள்’ என்று முடித்துவிடுகிறவர்கள் இந்த இடத்தில் நிற்க வேண்டும்.

அணிப் பக்கத்தில் ஃபார்மேஷன் (ஆட்கள் களத்தில் நிற்கும் அடுக்கு), ஸ்கோர் நிலை, நேரம் என்று பிரித்துக் காட்டும் அட்டவணைகள் உண்டு. ரசிகர்கள் அதிகம் படம்பிடித்துப் பகிர்வது ஃபார்மேஷன் அட்டவணையை. அதிகம் தப்பாகப் படிப்பதும் அதைத்தான். 2024-25 யுனைடெட் பக்கத்தில் 4-2-3-1 வரியும் 3-4-2-1 வரியும் அடுத்தடுத்து நிற்கும். ‘நான்கு தடுப்பாளர் நல்லதா, மூன்றா’ என்ற கேள்விக்கு அது பதில் என்று தோன்றும், ஆனால் இல்லை. முதல் வரி டென் ஹாக், வான் நிஸ்டல்ரூய் காலம். இரண்டாவது, சீசனின் நடுவில் வந்து, முன்தயாரிப்புக் காலம் இல்லாமல், தனக்கென்று வாங்கப்படாத ஆட்களை வைத்து ஆடிய அமோரிமின் காலம். அங்கே மோதுவது வெவ்வேறு கோச்களும் இரண்டு எதிரணி வரிசைகளும் காயப் பட்டியல்களும்தான். மூன்று தடுப்பாளர் முறையே யுனைடெட்டுக்கு ஆகாதா என்று அறிய, அதே 3-4-2-1ஐப் பழகிய ஆட்களோடு ஆடிய ஆலிவர் கிளாஸ்னரின் கிறிஸ்டல் பேலஸ் பக்கத்தை அருகில் வைத்துப் பாருங்கள். ‘நிமிடங்கள்’ நெடுவரிசையில் 300க்குக் கீழே உள்ள வரிகளை மொத்தமாகத் தள்ளிவிடுங்கள். அவை பெரும்பாலும் தோற்றுக்கொண்டிருந்தபோது கடைசி நேரத்தில் முன்கள ஆட்களை அடுக்கியதன் மிச்சம்.

ஃபார்மேஷனைவிடப் பயனுள்ளது ஸ்கோர் நிலை அட்டவணை. ஒரு கோல் பின்தங்கிய அணி எப்படியும் முன்னேறித் தாக்கும். முன்னிலையில் இருப்பவர் பின்வாங்குவார். அதனால் அடிக்கடி பின்தங்கும் அணியின் மொத்த எக்ஸ்ஜி ஊதிப் பெருத்துத் தெரியும். சமநிலையில் இருக்கும்போது 90 நிமிடத்துக்கு எவ்வளவு உருவாக்குகிறது, எவ்வளவு விட்டுக்கொடுக்கிறது என்ற வரியை மட்டும் பாருங்கள். ஒரு கோச்சின் உண்மையான திட்டம் தெரிவது அங்கேதான்.

குறைகளில் பெரியது எல்லை. இங்கிலாந்து, ஸ்பெயின், ஜெர்மனி, இத்தாலி, ஃபிரான்ஸ், ரஷ்யா ஆகிய ஆறு நாடுகளின் முதல்நிலை லீக்குகள், அதுவும் 2014-15 முதல். அவ்வளவுதான். அந்த அக்டோபரில் பேசப்பட்ட பெயர்களையே எடுங்கள். அமோரிம் அதுவரை நடத்திய ஸ்போர்ட்டிங் ஆடுவது போர்ச்சுகல் லீக்கில், அது இங்கே இல்லை. இப்ஸ்விச்சை அடுத்தடுத்து இரண்டு படி ஏற்றிய மெக்கென்னாவின் சாதனை கீழ்நிலை லீக்குகளில் நடந்தது, இல்லை. இருப்பது 22 புள்ளியோடு இறங்கிப்போன 2024-25 மட்டும். அதை வைத்து அவரை எடைபோடுவது அநியாயம். சவுத்கேட் கடைசியாக ஒரு கிளப்பை நடத்தியது 2009இல், மிடில்ஸ்பரோவில், அதுவும் இல்லை. ஃபிராங்குக்கு 2021-22 முதலான பிரென்ட்ஃபோர்டும் ஷாவிக்குப் பார்சிலோனாவும் கிடைக்கும்.

ஐரோப்பியக் கோப்பை ஆட்டங்களும் கிடையாது. 2024-25இல் 38 புள்ளியோடு 17ஆவதாக முடித்த டாட்டன்ஹாமும், 42 புள்ளியோடு 15ஆவதாக முடித்த யுனைடெட்டும் பில்பாவோவில் யூரோப்பா லீக் இறுதியில் மோதின. அதற்காக முக்கிய ஆட்களுக்கு ஓய்வு கொடுத்து ஆடிய வசந்தகால லீக் ஆட்டங்கள் முழுக்க அண்டர்ஸ்டாட்டில் பதிவாகியிருக்கின்றன; கோப்பை ஆட்டம் ஒன்றுகூட இல்லை. அந்த இரு பக்கங்களையும் படிக்கும்போது ஏப்ரல், மே மாதங்களை வடிகட்டிவிட்டு ஒருமுறை, சேர்த்து ஒருமுறை பாருங்கள்.

கைபேசியில் அட்டவணைகள் அகலமாக விரிகின்றன, நெடுவரிசைகளைக் கூட்டினால் கண்ணுக்கு எட்டாது. கணினியில் பார்ப்பதே சரி. துணைக்கு டிரான்ஸ்ஃபர்மார்க்ட் தளத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கோச்சின் பக்கத்தில் அவர் எந்தெந்தக் கிளப்பில் எத்தனை நாள் நீடித்தார், விருப்ப ஃபார்மேஷன் எது, ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்ற விவரங்கள் இருக்கும். அங்கே தேதி எடுத்து இங்கே வடிகட்டியில் போடுங்கள்.

வாதத்தில் இறங்கும் முன் கோச் ஒருவருக்கு நான்கு எண் எழுதிக்கொள்ளுங்கள்: குறைந்தது 20 லீக் ஆட்டங்களின் பெனால்டி இல்லாத எக்ஸ்ஜி வித்தியாசம் (உருவாக்கியதில் விட்டுக்கொடுத்ததைக் கழித்தது), பிபிடிஏ, சமநிலையில் 90 நிமிடத்துக்கான எக்ஸ்ஜிஏ, எக்ஸ்பிடிஎஸ்ஸுக்கும் புள்ளிக்கும் உள்ள இடைவெளி. அவருக்கு முன் அதே அணியை நடத்தியவரின் அதே நான்கு எண்களைப் பக்கத்தில் எழுதுங்கள். கிளப்பின் பணபலம் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால், வேறு அணிகளோடு ஒப்பிடுவதைவிட இந்த ஒப்பீடு நேர்மையானது. இந்த நான்கையும் நிரப்ப முடியாத பெயர் என்றால், அவருடைய முழு ஆட்டம் இரண்டையாவது உட்கார்ந்து பார்த்துவிட்டு வாதத்துக்கு வாருங்கள்.