இமாடினிபா, டாசாடினிபா?

சி.எம்.எல். ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்ததும் பலரைக் குழப்பும் கேள்வி இது. இமாடினிப், அமெரிக்காவின் ஓரிகனில் மருத்துவர் பிரையன் ட்ரக்கர் 1998இல் நோயாளிகளிடம் சோதிக்கத் தொடங்கிய மாத்திரை. 2001இல் அனுமதி கிடைத்தது. டாசாடினிப் 2006இல் வந்தது.

வேகம்: நோயைக் கட்டுப்படுத்துவதில் டாசாடினிப் முந்தும். ஆனால் ஐந்தாண்டு உயிர்வாழ்வில் இரண்டும் ஏறக்குறைய சமம். பயந்திருக்கும் குடும்பங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

பக்கவிளைவு: இமாடினிபில் கண்ணைச் சுற்றி வீக்கம், தசைப்பிடிப்பு. டாசாடினிபில் நுரையீரலைச் சுற்றி நீர் கோக்கலாம்.

செலவு: 2013இல் உச்ச நீதிமன்றம் இமாடினிபைத் தயாரித்த நோவார்டிஸ் நிறுவனத்துக்குக் காப்புரிமை மறுத்ததால், இந்தியாவில் மலிவான இமாடினிப் தொடர்ந்து கிடைக்கிறது.

நுரையீரல் கோளாறு உள்ளவர்கள், நோயின் தீவிரம் குறைந்தவர்கள்: இமாடினிப். தீவிரம் அதிகம், அல்லது இமாடினிப் பலிக்கவில்லை என்றால் டாசாடினிப். அப்புறம், எதுவானாலும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.